ஆறு மாதத்தில் போகப்போகிறவர்

அன்புள்ள அக்கா,

பட்டம் முடித்த கையோடு அரசுத் துறையின் பட்டதாரிப் பயிற்சித் திட்டத்தில் சேர்ந்திருக்கிறேன். இரண்டு வருடம், ஆறு மாதத்துக்கு ஒரு பிரிவு. கொள்கைப் பிரிவைக் கேட்டிருந்தேன், மானிய விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் பிரிவில் போட்டுவிட்டார்கள். காலையிலிருந்து மாலை வரை படிவம், இணைப்பு, கையெழுத்து. இதற்கா இத்தனை தேர்வும் நேர்காணலும் என்று இருக்கிறது. பக்கத்து இருக்கைக்காரர் முதல் நாளே, “ஆறு மாதத்தில் போகப்போகிறவர்தானே” என்று சொல்லிவிட்டார். யாரும் எதையும் முழுதாகச் சொல்லித்தருவதில்லை. தனியாரில் சேர்ந்த நண்பர்கள் என்னைவிட நிறைய வாங்குகிறார்கள். விட்டுவிடலாமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

இப்போது விட வேண்டாம். சம்பள வித்தியாசம் உண்மைதான். வீட்டில் கடன் இருந்து, அந்தப் பணம் இன்றே தேவை என்றால் அது வேறு கணக்கு. அதை நீங்கள்தான் போட வேண்டும். ஆனால் உங்கள் கடிதத்தில் பணம் கடைசி வரியில்தான் வருகிறது. மனதை அரிப்பது வேறு.

படிவம் பார்ப்பது தாழ்ந்த வேலை, கொள்கை எழுதுவது உயர்ந்த வேலை என்கிற எண்ணம் நேற்று வந்ததல்ல. 1854-இல் பிரிட்டனில் நார்த்கோட், ட்ரெவெல்யன் என்ற இருவர் அரசுப் பணி பற்றி ஓர் அறிக்கை கொடுத்தார்கள். சிபாரிசில் ஆள் எடுப்பதை நிறுத்தி, தேர்வு வைத்து இளைஞர்களை எடுக்கச் சொன்ன அறிக்கை. நீங்கள் எழுதிய தேர்வுக்கு அதுவும் ஒரு மூதாதை. அதே அறிக்கைதான் அலுவலக வேலையை அறிவு சார்ந்தது, இயந்திரம் போலச் செய்வது என்று இரண்டாகப் பிரிக்கவும் சொன்னது. முதல் பாதியால் நமக்கெல்லாம் கதவு திறந்தது. இரண்டாவது பாதியை நான் இன்றுவரை ஏற்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

நானும் இப்படியொரு திட்டத்தின் வழியாகத்தான் உள்ளே வந்தேன். எனக்கும் முதல் இடம் விண்ணப்பப் பிரிவு. ‘குறையுள்ளவை’ என்று மேலே எழுதிய கட்டு ஒன்று தினமும் என் மேஜைக்கு வரும். குறையைக் குறிப்பிட்டு, ஒரு கடிதம் வைத்துத் திருப்பி அனுப்ப வேண்டும். மூன்றாவது வாரம்தான் கண்ணில் பட்டது: பாதிக்கு மேல் ஒரே இடத்தில் குறை. ஏழாவது கேள்வி. “கடந்த ஆண்டு வேறு உதவி பெற்றிருந்தால் அதன் தொகை.” எதுவும் பெறாதவர்கள் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தார்கள். வேறு என்ன செய்வார்கள்? ஆனால் காலியாக இருந்தால் அது குறை. 0 என்று எழுதியிருக்க வேண்டுமாம். அப்படி எழுதச் சொல்லிப் படிவத்தில் ஒரு வரிகூட இல்லை.

மூன்று பக்கத்துக்குக் குறிப்பு எழுதிக்கொண்டு மேலதிகாரியிடம் போனேன். முழுக்கப் படித்தார். “இதில் நான் எதற்குக் கையெழுத்துப் போட வேண்டும்?” என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. பென்சிலை எடுத்து அடித்துக்கொண்டே போனார். கடைசியில் அரைப் பக்கம் மிஞ்சியது: எத்தனை விண்ணப்பம் திரும்புகிறது, எதனால், எந்த வரியை எப்படி மாற்ற வேண்டும், யார் அனுமதி தர வேண்டும். அதற்கு முன் எனக்குக் கோப்பு எழுதத் தெரியாது.

படிவம் மாறியது. “பெறவில்லையெனில் 0 என எழுதவும்” என்று ஒரு வரி சேர்ந்தது. புதிய படிவம் அச்சாகி வந்த வாரம் நான் அடுத்த பிரிவுக்குப் போய்விட்டேன். என் மதிப்பீட்டுத் தாளில் அது சாதனையாக ஏறியது.

ஒரு வருடம் கழித்து, பழைய பிரிவில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரைப் படிக்கட்டில் பார்த்தேன். அவர்தான் சொன்னார். உதவி பெற்றவர்களிலும் சிலர் அந்த வரியின் கடைசியை மட்டும் படித்துவிட்டு 0 போட்டிருக்கிறார்கள். அதை வைத்துப் பணமும் போய்விட்டது. அப்புறம் ஒவ்வொருவருக்கும் கடிதம் எழுதி, விளக்கம் கேட்டு, கூடுதலாகப் போனதைத் திரும்ப வாங்கி, எல்லாவற்றையும் அவர் ஒருவரே உட்கார்ந்து சரிசெய்திருக்கிறார். குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

உங்கள் பக்கத்து இருக்கைக்காரர் சொன்ன வாக்கியத்தை இப்போது மறுபடி படித்துப் பாருங்கள். அவருக்கு உங்கள்மேல் என்ன பகை இருக்க முடியும்? உங்களுக்கு முன்னால் வந்துபோனவர்களின் மிச்சத்தைச் சுமந்தவராக இருப்பார்.

இடம் மாறிக்கொண்டே இருக்கும் பயிற்சியின் நோய் இது. செய்ததன் விளைவைப் பார்க்குமுன் கிளம்பிவிடுகிறோம். 1968-இல் பிரிட்டனில் அரசுப் பணியை ஆராய்ந்த ஃபுல்டன் குழு மூத்த அதிகாரிகளைப் பற்றியே இதைச் சொன்னது: சம்பந்தமில்லாத வேலைகளுக்கு அடிக்கடி மாறுவதால் எதிலும் ஆழம் வருவதில்லை என்று. அமெரிக்காவில் 1977-இல் தொடங்கி 2025-இல் நிறுத்தப்பட்ட அரசுப் பயிற்சித் திட்டத்தின் அமைப்பு கொஞ்சம் வேறு. அந்த இரண்டு வருடத்தில் பயிற்சியாளருக்கென்று ஓர் அலுவலகம் இருந்தது. நாலு முதல் ஆறு மாதம் வெளியே ஓர் இடத்தில் வேலை பார்த்துவிட்டுப் பொதுவாகத் தங்கள் அலுவலகத்துக்கே திரும்பி வந்தார்கள். அந்தத் திரும்பி வருதல் எனக்குப் பிடித்த அம்சம். உங்கள் திட்டத்தில் அது இல்லையென்றால் நீங்களாக ஏற்படுத்திக்கொள்ளுங்கள். கிளம்பிய மூன்றாம் மாதம் பழைய பிரிவுக்கு ஒரு மத்தியானம் போய், நான் செய்தது என்ன ஆயிற்று என்று கேட்டுவிட்டு வாருங்கள். என்னைப் போல ஒரு வருடம் விடாதீர்கள்.

அடுத்த இடத்தைக் கேட்கும்போது பிரிவின் பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். உங்கள் குறிப்பைப் படித்துத் திருத்தித் தருகிறவர் அங்கே யார் என்று விசாரியுங்கள். கடைசியில் நிரந்தர இடம் உங்கள் விருப்பப்படியா, காலியிடப்படியா என்பதையும் இப்போதே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பலர் இதைக் கடைசி மாதத்தில்தான் கேட்கிறார்கள்.

சரி, நாளை காலை ஒன்று செய்யுங்கள். பக்கத்து இருக்கைக்காரரிடம் போய், போன முறை வந்த பயிற்சியாளர் எதைப் பாதியில் விட்டுப் போனார் என்று கேளுங்கள். ஏதாவது இருக்கும். அதை முடிக்க ஆரம்பித்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா