பராசக்தி மூன்றாவதுதான்

வணக்கம் சார்,

டோம்பிவிலியில் இருந்து எழுதுகிறேன். வீட்டில் அப்பாவுக்கும் எனக்கும் ஒரு பெரிய விவாதம். கிருஷ்ணன்-பஞ்சு இயக்கிய படங்களை வரிசைப்படுத்தினால் எது முதலில் வரும்? என் வரிசை: 1. பராசக்தி, 2. உயர்ந்த மனிதன், 3. சர்வர் சுந்தரம், 4. அன்னை, 5. ரத்தக்கண்ணீர். ரத்தக்கண்ணீரைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், அது கேமராவை முன்னால் நிறுத்தி எடுத்த நாடகம்தானே என்பது. அப்பா அந்தக் காலத்தில் கிங்ஸ் சர்க்கிள் அரோராவில் தமிழ்ப் படம் பார்த்து வளர்ந்தவர், எம்.ஜி.ஆர். ரசிகர். அவருக்கு 'எங்கள் தங்கம்'தான் முதலிடம், மறுபேச்சு கிடையாது.

யோசித்துப் பார்த்தால், இந்த இரட்டையருக்கென்று தனியாக ஒரு பாணி இருந்ததா என்றே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. நல்ல வசனகர்த்தா கிடைத்தால் நல்ல படம் எடுத்தார்கள், அவ்வளவுதானோ? உங்கள் வரிசை என்ன? அவர்கள் எடுத்த இந்திப் படங்களையும் கணக்கில் சேர்க்கலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் வரிசையில் உள்ள ஐந்துமே நல்ல படங்கள்தான். ஆனால் நீங்கள் மார்க் போட்டிருப்பது இயக்குநர்களுக்கு இல்லை. முதல் இடம் கலைஞரின் வசனத்துக்கும் சிவாஜியின் அறிமுகத்துக்கும் போயிருக்கிறது. இரண்டாவது மறுபடியும் சிவாஜிக்கு. ரத்தக்கண்ணீர் கீழே போனதற்குக் காரணம் எம்.ஆர்.ராதா படத்தை முழுசாக எடுத்துக்கொண்டார் என்ற எண்ணம். அப்படியானால் நாற்காலியில் உட்கார்ந்து 'ஸ்டார்ட்', 'கட்' சொன்ன இரண்டு பேர் என்ன செய்தார்கள்? உங்கள் சந்தேகமும் அதுதான் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கிருஷ்ணன்-பஞ்சுவின் முக்கியமான படங்களில் பாதிக்கு மேல் மேடையில் இருந்து வந்தவை, இல்லையென்றால் பேச்சில் வல்லவர்கள் எழுதியவை. பராசக்தி பாவலர் பாலசுந்தரத்தின் நாடகம். ரத்தக்கண்ணீர் திருவாரூர் தங்கராசு எழுதியது. சர்வர் சுந்தரம் பாலசந்தரின் நாடகம், நாகேஷ் மேடையிலேயே நடித்தது. அதற்கும் முன்னால் 1949-இல் வந்த நல்லதம்பிக்கு எழுதியவர் அண்ணா. நாடகம் என்றால் பேச்சு. பேசுகிறவருக்குக் கைதட்டல் கிடைக்கும். அதைப் படமாக எடுக்க வருகிறவருக்கு இருக்கும் ஒரே பிரச்சினை, மூன்று நிமிஷம் ஒருவர் பேசிக்கொண்டே இருக்கும்போது திரையில் என்ன காட்டுவது?

இவர்கள் கண்டுபிடித்த பதில், கேட்கிறவரின் முகம். யார் பேசினாலும் சரி, எதிரே அந்தப் பேச்சால் அடிபடுகிற ஒரு ஆளை நிறுத்திவிடுவார்கள். பேச்சு அந்த முகத்தில் என்ன செய்கிறது என்பதுதான் காட்சி. நான் பாணி என்று சொல்வது இதைத்தான். இரட்டையரில் பஞ்சு படத்தொகுப்பாளரும்கூட. 'பஞ்சாபி' என்ற பெயரில் தொகுத்தார். (நம் ஊர்க்காரர்கள் டைட்டிலில் பார்த்தால் லூதியானாக்காரர் என்று நினைத்துக்கொள்வார்கள். ஆள் கும்பகோணம் பக்கத்து உமையாள்புரம்.) எந்த வாக்கியத்தில் பேசுகிறவரை விட்டுக் கேட்கிறவருக்கு வெட்ட வேண்டும் என்று முடிவு செய்தவர்களில் ஒருவர் வெட்டுகிற மேஜையிலும் உட்கார்ந்திருந்தார் என்பது சின்ன விஷயமில்லை.

பராசக்தியின் நீதிமன்றக் காட்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாருக்கும் குணசேகரனாகச் சிவாஜி பேசியது நினைவிருக்கிறது, மனப்பாடமாகவே இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் கல்யாணி கூண்டில் நிற்கிறாள். தன் கதையைச் சொல்கிறாள். நீதிபதி நாற்காலியில் இருப்பது அவளுடைய சொந்த அண்ணன், எஸ்.வி.சகஸ்ரநாமம். அவள் சொல்லச் சொல்ல அந்த மனிதருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிகிறது. சட்டையின் மேல் கறுப்புக் கோட்டு, கைக்கு எட்டும் தூரத்தில் தங்கை, வாயைத் திறக்க முடியாது. அந்தக் காட்சியின் வசனத்தை மட்டும் ஒலிக்கவிட்டுக் கேட்டால் பாதிதான் கிடைக்கும். மீதி சகஸ்ரநாமத்தின் முகத்தில் இருக்கிறது. அதன் பிறகு சிவாஜி பேசும்போது நாம் ஏற்கெனவே உடைந்து போயிருக்கிறோம். வசனத்துக்குப் பாதை போட்டுக் கொடுத்தது அந்த முகம்தான்.

அப்படியிருந்தும் பராசக்தியை நான் மூன்றாவது இடத்தில்தான் வைப்பேன். 1952 தீபாவளிக்கு வந்த படம் அது. அதில் கட்சியின் குரல், புது நடிகரின் வேகம், எழுத்தின் அடுக்குமொழி எல்லாம் இயக்குநர்களை முந்திக்கொண்டு ஓடுகின்றன. சில இடங்களில் அவர்கள் ஒதுங்கி வழிவிட்டிருக்கிறார்கள். வழிவிட்டது சரிதான். ஆனால் அந்த இடங்களுக்கு அவர்களுக்கு மார்க் போட முடியாது. எடுத்த வரை பார்த்துவிட்டு ஏவி.எம். செட்டியார் இந்தப் பையன் வேண்டாம் என்றதும், தயாரிப்பாளர் பெருமாள் முதலியார் விடாப்பிடியாக நின்றதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். முதலாளிகள் இரு பக்கம் இழுக்கும்போது நடுவில் நின்று ஒரு புதுமுகத்தை நடிக்க வைத்தவர்களை அந்தக் கதையில் யாரும் சொல்வதே இல்லை.

இரண்டாவது இடம் ரத்தக்கண்ணீருக்கு. இங்கேதான் உங்களோடு சண்டை. ராதா அந்த நாடகத்தைப் பல ஆண்டுகள் மேடையில் போட்டவர். அன்றன்றைய சங்கதிகளை மேடையிலேயே சேர்த்துப் பேசுகிறவர். அப்படிப்பட்டவரை ஒரு சட்டத்துக்குள் அடைத்தால் அவரும் கெடுவார், படமும் கெடும். இவர்கள் அவரை அடைக்கவில்லை, எதிரே ஆள் வைத்தார்கள். முதல் பாதியில் சீமையில் இருந்து திரும்பிய ராதாவின் மோகன் எல்லாரையும் ஏளனம் செய்துகொண்டே போகிறான். நாம் சிரிக்கிறோம். சிரித்த அடுத்த நொடி அவன் மனைவியாக வரும் ஸ்ரீரஞ்சனியின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. பராசக்தியில் கல்யாணியாக வந்த அதே ஸ்ரீரஞ்சனி. அங்கே கூண்டில் நின்று பேசினார், இங்கே பேச்சைத் தாங்குகிறார். இரண்டாம் பாதியில் நோய் வந்து குரல் கரகரத்து மோகன் தெருவுக்கு வருகிறான். இப்போது 'அடியே காந்தா' என்ற குரலைக் காந்தாவாக வரும் எம்.என்.ராஜம் வாங்கிக்கொள்ள வேண்டும். இருபது வயதுகூட நிரம்பாத பெண், எதிரே ராதா மாதிரி ஒரு புயல். அந்தப் பெண்ணின் முகத்தில் அருவருப்பும் அலட்சியமும் அப்படியே நிற்கின்றன. இல்லையென்றால் ராதாவின் வசனம் வெறும் நக்கலாகப் போயிருக்கும். ராஜத்தை இந்தப் படத்துக்காக யாரும் போதுமான அளவு பாராட்டவில்லை என்பது என் பழைய வருத்தம். நாடகத்தில் பத்தாவது வரிசைக்காரனுக்கு இந்த இரண்டு பெண்களின் கண்களும் தெரியாது. படத்தில் தெரிகின்றன. அப்புறம் எப்படி அது படம் பிடித்த நாடகம் ஆகும்?

முதல் இடம் சர்வர் சுந்தரத்துக்கு. 1964. நாகேஷ் தட்டுகளையும் டம்ளர்களையும் அடுக்கிக்கொண்டு வருவதைத்தான் எல்லாரும் சொல்வார்கள். எனக்கு முக்கியம், சுந்தரம் நடிகனாகிப் பெரிய ஆளான பிறகு, தன்னை விரும்புகிறாள் என்று நம்பிக்கொண்டிருந்த கதாநாயகி ராதாவின் மனதில் வேறொருவன் இருப்பதைத் தெரிந்துகொள்ளும் இடம். நாடு முழுவதையும் சிரிக்க வைக்கிற வாய்க்குச் சொல்ல ஒன்றும் இல்லை. கேட்டுக்கொள்ள மட்டும்தான் முடிகிறது. மற்ற படங்களில் பேசுகிறவர் ஒருவர், கேட்கிறவர் ஒருவர். இதில் இரண்டும் ஒரே ஆள். பன்னிரண்டு வருஷமாகச் செய்துவந்ததை இரட்டையர்கள் ஒரே முகத்தில் கொண்டுவந்து வைத்தார்கள், அந்த முகமும் அம்மைத் தழும்போடு இருந்த நாகேஷின் முகம்.

இன்னொரு காரணமும் உண்டு. 'அவளுக்கென்ன அழகிய முகம்' பாட்டில் டி.எம்.எஸ். மைக் முன்னால் நின்று பாடுகிறார், எம்.எஸ்.வி. கை வீசி இசைக்குழுவை நடத்துகிறார், பிறகுதான் ஆட்டம். பாட்டு எப்படி உண்டாகிறது என்பதைப் பாட்டுக்குள்ளேயே காட்டிவிட்டார்கள். ஸ்டுடியோவில் வாழ்ந்தவர்கள் தங்கள் பட்டறையை இத்தனை குஷியாகக் காட்டிய தமிழ்ப் படம் அந்தக் காலத்தில் வேறு எனக்கு நினைவில்லை. அதே பட்டறைதான், சுந்தரம் தாயின் கடைசி நேரத்தில் பக்கத்தில் இருக்க முடியாமலும் செய்கிறது.

நான்காவது உயர்ந்த மனிதன். நீங்கள் சொல்வதற்கு மாறாக, இதில் எனக்குப் பிடித்தது சிவாஜி அதிகம் பேசாததுதான். 1952-இல் கூண்டில் நின்று முழங்கியவரை அதே இயக்குநர்கள் 1968-இல், அவருடைய 125-ஆவது படத்தில், வீட்டுக்குள் வாயடைத்து உட்கார வைக்கிறார்கள். பணம் இருக்கிறது, பழைய குற்றம் மனதில் இருக்கிறது, மகன் வேலைக்காரனாக அதே வீட்டில் நடமாடுகிறான். பேசுகிற வேலையை அசோகனுக்குக் கொடுத்துவிட்டார்கள். வழக்கமாக உரக்கக் கத்துகிற அசோகன் இந்த டாக்டர் வேடத்தில் என்னமாய்ச் செய்திருக்கிறார்! 'அந்த நாள் ஞாபகம்' பாட்டில் மூச்சு வாங்க நடந்துகொண்டே நண்பனோடு பேசும் சிவாஜியைப் பார்த்தால் முதலாளி ஒருவர் அன்றைக்கு ஒருமுறைதான் வாய்விட்டுப் பேசினார் என்று தோன்றும். சுசீலாவுக்குத் தேசிய விருது வாங்கித் தந்த 'நாளை இந்த வேளை பார்த்து' இந்தப் படத்தில்தான்.

அன்னையை நான் ஆறாவதாகத் தள்ளுவேன். பானுமதி திரையில் யாருக்கும் ஓர் அங்குலம்கூட விட்டுக்கொடுக்க மாட்டார், அவரை இயக்குவதும் கஷ்டம், அவரிடம் இருந்து படத்தை மீட்பதும் கஷ்டம். பெற்ற தாயாக வாயை மூடிக்கொண்டு நிற்கும் சௌகார் ஜானகி இருப்பதால் படம் பிழைத்தது.

அப்படியானால் ஐந்தாவது? உங்கள் கடைசிக் கேள்விக்கு விடை அதில் இருக்கிறது. குலதெய்வமும் பாபியும், இரண்டும் சேர்த்து ஓர் இடம். வங்காளத்தில் இருந்து வந்த கதையைத் தமிழில் 1956-இல் எடுத்தார்கள், அடுத்த வருஷமே அவர்களே ஏவி.எம்.முக்காக இந்தியில் எடுத்தார்கள். இந்திப் படங்களைக் கணக்கில் சேர்க்காமல் விடவே கூடாது, அதுவும் மும்பையில் இருந்துகொண்டு. வசனம்தான் இவர்களைத் தூக்கி நிறுத்தியது என்றால், அந்த வசனம் இல்லாத இடத்தில் இவர்கள் விழுந்திருக்க வேண்டுமே? விழவில்லை. பாபியில் தம்பிகளால் உடைகிற குடும்பத்தை பல்ராஜ் சாஹ்னி பார்த்துக்கொண்டு நிற்பதில்தான் படம் இருக்கிறது. செம்பூரில் எங்கள் கட்டடத்தில் 'சல் உட் ஜா ரே பஞ்சீ' தெரியாத பெரியவர் ஒருவரும் இல்லை. ரஃபி பாடியது, சித்ரகுப்த் இசை என்று சரியாகச் சொல்வார்கள். எடுத்தது யார் என்று கேட்டால் 'கோயி மத்ராஸி' என்று முடித்துவிடுவார்கள். இங்கே குழந்தைகள் தினத்துக்குப் பள்ளிக்கூடங்களில் பாடுகிற 'பச்சே மன் கே சச்சே' கூட இவர்கள் இயக்கிய 'தோ கலியான்' பாட்டுத்தான். நம் குழந்தையும் தெய்வமும் படத்தின் இந்தி வடிவம்.

எல்லா இந்திப் படங்களும் தேறும் என்று சொல்லவில்லை. சர்வர் சுந்தரத்தை 1971-இல் 'மைன் சுந்தர் ஹூன்' என்று மெஹ்மூதை வைத்து எடுத்தார்கள். மெஹ்மூத் பெரிய கலைஞர், ஆனால் அவரால் கேட்டுக்கொண்டு சும்மா நிற்க முடியவில்லை. சோகத்தையும் அவரே பேசிக் காட்டிவிடுகிறார்.

அப்பா விஷயம். எங்கள் தங்கத்தில் எம்.ஜி.ஆர். பார்க்க அழகாக இருக்கிறார், 'நான் அளவோடு ரசிப்பவன்' இன்றைக்கும் கேட்கலாம். ஆனால் அது எம்.ஜி.ஆர். படம். எம்.ஜி.ஆர். படத்தில் எல்லாரும் அவர் பேச்சைக் கேட்பார்கள், பேச்சால் அடிபடுகிற முகம் மட்டும் இருக்காது. எம்.ஜி.ஆரை அப்பாவின் முதலிடத்தில் இருந்து இறக்க முடியாவிட்டால் 'பெற்றால்தான் பிள்ளையா'வுக்காவது நகர்த்திப் பாருங்கள். சாப்ளினின் 'தி கிட்' சாயலில் வந்த 1966 படம். அதில் ஒரு குழந்தையின் முன்னால் எம்.ஜி.ஆர். சில இடங்களில் நிஜமாகவே பேச்சற்றுப் போகிறார். எதிர்க்கட்சியாக எம்.ஆர்.ராதாவும் இருக்கிறார். அப்பா மறுக்கமாட்டார் என்று நினைக்கிறேன்.

நீங்கள் பார்க்க வேண்டிய வரிசையையும் சொல்லிவிடுகிறேன். முதலில் பாபி, இரண்டு நாள் விட்டுக் குலதெய்வம். அடுத்து தெய்வப்பிறவியும் அதன் இந்தியான பிந்தியாவும். இரண்டிலும் பத்மினி, ஆனால் ஒன்றில் எதிரே சிவாஜி, மற்றதில் பல்ராஜ் சாஹ்னி. ஒரே பெண் இரண்டு ஆண்கள் பேசுவதை எப்படி வேறு வேறு மாதிரி கேட்கிறார் என்று மட்டும் பாருங்கள். ரத்தக்கண்ணீரை அதற்குப் பிறகு போடுங்கள். பார்த்துவிட்டும் அது ஐந்தாவதுதான் என்றால் எழுதுங்கள், விவாதத்தைத் தொடரலாம்.