இரவல் வாங்கிய 600 வரிகள்

அன்புள்ள அக்காவுக்கு,

டெர்மினல் என்ற கட்டளைத் திரையை விட்டு வெளியே வராமலே நிரல் எழுதலாம், மவுஸ் தேவையில்லை என்று நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் விம் எடிட்டருக்கு வந்தேன். இரண்டு மாதம் ஆகிறது. பழைய எடிட்டரில் பத்து நிமிடத்தில் முடிகிற திருத்தம் இதில் அரை மணி நேரம் இழுக்கிறது. இணையத்தில் ஒருவர் பகிர்ந்திருந்த, எடிட்டரின் அமைப்புகளைச் சொல்லும் 600 வரி கான்ஃபிக் கோப்பை அப்படியே எடுத்துப் போட்டேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. போன வாரம் பிளக்இன்களை (கூடுதல் வசதி தரும் துணை நிரல்களை) அப்டேட் செய்ததிலிருந்து, திறந்தாலே பிழைச் செய்திகள் வரிசையாக வருகின்றன. எது எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை. தமிழில் தட்டச்சு செய்துவிட்டு எஸ்கேப் அழுத்தினால் ஒரு கட்டளையும் வேலை செய்வதில்லை. நல்ல கான்ஃபிக் ஒன்று அனுப்ப முடியுமா? இல்லை, எனக்கு இது ஒத்துவராது என்று விட்டுவிடட்டுமா?

ர.

அன்புள்ள ர.,

வேறு கான்ஃபிக் அனுப்பப் போவதில்லை. இருப்பதையும் எடுத்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன். அழிக்க வேண்டாம், பெயரை மாற்றி ஓரமாக வையுங்கள். அந்த 600 வரிகளில் ஒவ்வொன்றுக்கும் பின்னால் யாரோ ஒருவருடைய விரல் எங்கோ இடறிய கதை இருக்கிறது. அந்த இடறல் உங்களுக்கு நேர்ந்ததே இல்லை. அதனால்தான் பிழை வரும்போது எந்த வரி எதற்கு என்று உங்களால் சொல்ல முடியவில்லை.

வெறும் விம்மில் தொடங்குங்கள். அதோடு கூடவே வரும் விம்டியூட்டர் என்ற பயிற்சி அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். ஒரு தடவை முடித்துவிட்டு நிறுத்தாதீர்கள். ஒரு வாரம் தினமும் காலையில் செய்யுங்கள். விரலுக்குப் போய்ச் சேர அவ்வளவு நாளாகும்.

இந்த விசைகள் ஏன் இப்படி இருக்கின்றன என்று தெரிந்தால் அவற்றின் மேல் உள்ள கோபம் பாதி குறையும். விம்முக்கு மூத்ததான விஐ எடிட்டரை பில் ஜாய் 1976-இல் பெர்க்லியில் எழுதத் தொடங்கினார். அவர் பயன்படுத்திய ஏடிஎம்-3ஏ டெர்மினலில் அம்புக்குறிகளுக்குத் தனி விசைகள் கிடையாது. ஹெச், ஜே, கே, எல் விசைகளின் மேலேயே அம்புகள் அச்சிடப்பட்டிருந்தன. எழுதும் நிலையிலிருந்து கட்டளை நிலைக்குத் திருப்பும் எஸ்கேப், இன்று டேப் இருக்கும் இடத்தில் இருந்தது, சுண்டுவிரலுக்கு எட்டும் தூரத்தில். வீட்டிலிருந்து அவர் இணைந்த மோடம் 300 பாட் வேகம், அதாவது நொடிக்கு ஏறக்குறைய 30 எழுத்துகள். 24 வரி, 80 எழுத்துத் திரையை முழுக்க ஒரு முறை வரைய ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். ஒவ்வொரு எழுத்துக்கும் காத்திருந்தவர் கட்டளைகளைச் சுருக்கமாக வைத்ததில் வியப்பில்லை. பிராம் மூலெனார் 1991-இல் விம்மை அமிகா கணினிக்காக வெளியிட்டபோது அந்தச் சுருக்கம் அப்படியே கூட வந்தது. எஸ்கேப் இன்று மூலைக்குப் போய்விட்டதால் கேப்ஸ் லாக்கை எஸ்கேப்பாக மாற்றிக்கொள்ளுங்கள். உடனே செய்யத்தக்க மாற்றம் இது ஒன்றுதான், அதுவும் எடிட்டரில் அல்ல, இயங்குதளத்தின் அமைப்பில்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது. கட்டளைகளை மனப்பாடம் செய்யாதீர்கள். அவை சொற்கள், அவற்றைச் சேர்க்க இலக்கணம் உண்டு. அழிக்க டி, மாற்ற சி, நகலெடுக்க ஒய். இவை வினைகள். சொல்லுக்கு டபிள்யூ, வாக்கியத்துக்கு எஸ், அடைப்புக்குறிக்கு அந்தக் குறியே. இவை பெயர்கள். நடுவில் ஐ வந்தால் 'உள்ளே', ஏ வந்தால் 'சுற்றியிருப்பதையும் சேர்த்து'. சி, ஐ, டபிள்யூ என்று மூன்று விசை அழுத்தினால் கர்சர் சொல்லின் எந்த எழுத்தில் நின்றாலும் அந்தச் சொல் போய், புதியதை எழுத இடம் திறக்கும். கடைசியில் டபிள்யூவுக்குப் பதில் மேற்கோள் குறி வைத்தால் மேற்கோளுக்குள் இருப்பது முழுக்க மாறும். பத்து வினையும் பத்துப் பெயரும் தெரிந்தவருக்கு நூறு கட்டளைகள் தெரியும், அதில் எண்பதை அவர் படித்தே இருக்க மாட்டார்.

தமிழ் பேசுகிறவர்களுக்கு இதில் ஒரு தடை உண்டு. நாம் 'சொல்லை மாற்று' என்போம், பொருள் முன்னால், வினை கடைசியில். விம் 'மாற்று, உள்ளே, சொல்' என்று வினையை முன்னால் வைக்கிறது. முதல் மாதத்தில் என் கை தயங்கியதெல்லாம் இந்த இடத்தில்தான். கக்கூன், ஹீலிக்ஸ் என்று பின்னால் வந்த எடிட்டர்கள் இந்த வரிசையைத் திருப்பிவிட்டன. முதலில் தேர்ந்தெடுக்க வேண்டும், எது சிக்கியிருக்கிறது என்று திரையில் தெரியும், பிறகுதான் செயல். நம் வாக்கிய அமைப்புக்கு அது நெருக்கம்.

புள்ளி விசையையும் பழகிக்கொள்ளுங்கள். கடைசியாகச் செய்த மாற்றத்தை அது மறுபடி செய்யும். ஒரு கோப்பில் ஒரே சொல்லை நாற்பது இடங்களில் பார்த்துப் பார்த்து மாற்ற வேண்டுமா? சாய்கோடு போட்டு அந்தச் சொல்லைத் தேடுங்கள். சி, ஜி, என் அழுத்திப் புதிய சொல்லை எழுதி எஸ்கேப். அதன் பிறகு ஒவ்வொரு புள்ளிக்கும் அடுத்த இடம் மாறும். வேண்டாத இடத்தை 'என்' விசையால் தாண்டிப் போகலாம். இதற்கு ஒரு பிளக்இன்னும் வேண்டாம்.

கான்ஃபிக் எப்போது? ஒரே இடத்தில் மூன்று தடவை இடறினால் ஒரு வரி சேருங்கள். அதற்கு மேலேயே குறிப்பாகத் தேதியும் காரணமும் எழுதுங்கள். பல ஆண்டுகளுக்குப் பிறகும் என் கோப்பு 70 வரியைத் தாண்டவில்லை. தொடங்கும்போதே ஒரு பொறி இருக்கிறது. உங்களுக்கென்று விம்ஆர்சி என்ற கான்ஃபிக் கோப்பு இல்லாதவரை விம் தன்னிடமுள்ள இயல்பு அமைப்பை ஏற்றிக்கொள்ளும். வெறும் கோப்பு ஒன்றை உருவாக்கினாலும் போதும், அதை ஏற்றுவதை நிறுத்திவிடும். நிரலின் வண்ணங்கள் திடீரென்று காணாமல் போனால் பயப்பட வேண்டாம், அந்த இயல்புக் கோப்பை ஏற்றச் சொல்லி முதல் வரியில் எழுதிவிட்டால் சரி.

ஒற்றை விசைகளின் பொருளை மட்டும் மாற்றாதீர்கள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். எஸ் விசையைச் சேமிப்பதற்கு என்று வைத்திருந்தேன். ஓர் இரவு, தொலைவில் இருந்த சர்வர் ஒன்றில் அமைப்புக் கோப்பைத் திருத்த வேண்டி வந்தது. அங்கே என் கான்ஃபிக் இல்லை. வெறும் விம்மில் எஸ் என்பது கர்சரின் கீழுள்ள எழுத்தை அழித்துவிட்டு எழுதும் நிலைக்குப் போவது. கை பழக்கத்தில் எஸ் அழுத்தியது, அவசரத்தில் எஸ்கேப் அடித்துச் சேமித்துவிட்டு வெளியேறினேன். சேவை எழுந்திருக்கவில்லை. காணாமல் போன அந்த ஓர் எழுத்தைக் கண்டுபிடிக்க இரண்டு மணி நேரம் ஆனது. அன்றிலிருந்து என் சொந்தக் குறுக்குவழிகள் எல்லாம், அவற்றுக்கு முன்னால் அழுத்துவதற்கென்று ஒதுக்கிய லீடர் விசைக்குப் பின்னால்தான் இருக்கின்றன. ஒரு விசைக்கு வேறு வேலை தரும் மேப்பிங் எழுதும்போது எப்போதும் 'நோரீமேப்' வகையையே எழுதுங்கள், இல்லாவிட்டால் ஒரு மேப்பிங் இன்னொன்றைக் கூப்பிட்டுச் சுழலும்.

இப்போது வரும் பிழைகளுக்கு: விம்மை 'கிளீன்' என்ற தேர்வோடு திறந்து பாருங்கள், கான்ஃபிக்கும் பிளக்இன்னும் இல்லாமல் திறக்கும். பிழை வரவில்லை என்றால் குற்றம் அந்த 600 வரிகளிலோ அவை ஏற்றும் பிளக்இன்களிலோ. பாதியை முடக்குங்கள், மீதியில் பிழை வருகிறதா பாருங்கள், பிறகு அதில் பாதி. பத்துத் தடவைக்குள் அந்த வரி அகப்படும். ஒரு விசை ஏன் இப்படி நடக்கிறது என்று தெரியாவிட்டால் 'வெர்போஸ் மேப்' என்று கேளுங்கள், எந்தக் கோப்பு கடைசியாக அதை அமைத்தது என்று விம்மே சொல்லும்.

தமிழ்த் தட்டச்சில் உங்கள் தவறு எதுவும் இல்லை. இயங்குதளத்தில் தமிழ் விசைப்பலகை ஓடிக்கொண்டிருக்கும்போது நீங்கள் டி விசையைத் தட்டினாலும் எடிட்டருக்கு வந்து சேர்வது ஒரு தமிழ் எழுத்து. அப்படி ஒரு கட்டளை அதனிடம் இல்லை. இயங்குதளத்தை ஆங்கிலத்திலேயே விட்டுவிட்டு விம்மின் 'கீமேப்' வசதியைப் பயன்படுத்துங்கள். அது எழுதும் நிலையிலும் தேடும் இடத்திலும் மட்டும் தமிழாக மாற்றும், கட்டளை நிலையைத் தொடாது. எழுதும் நிலையில் கன்ட்ரோலும் 6-ம் சேர்த்து அழுத்தினால் மொழி மாறும். கீமேப் கோப்பு என்பது இரண்டு பத்தி அட்டவணை, இடப்பக்கம் தட்டும் விசைகள், வலப்பக்கம் வர வேண்டிய எழுத்து. 216 உயிர்மெய்களுக்கான வரிகளைச் சிறு நிரல் ஒன்றை எழுதியே உருவாக்கிவிடலாம். ஆனால் டெர்மினல் எழுத்துகளைச் சம அகலக் கட்டங்களில் அடுக்குவதால் நம் எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறலாம். நிரலும் குறிப்புகளும்தான் நான் அங்கே எழுதுகிறேன், நீண்ட தமிழ்க் கட்டுரைக்கு வேறு எடிட்டர்.

விட்டுவிடலாமா என்று கேட்டீர்கள். நீங்கள் இன்னும் விம்மைப் பழகவே இல்லை, இன்னொருவருடைய விம்மைத்தான் பழகினீர்கள். வெறும் விம்மில் ஒரு மாதம் கொடுங்கள். அதன் பிறகும் கை இணங்காவிட்டால் ஹீலிக்ஸுக்குப் போங்கள், பிளக்இன் போட்டுப் பெறும் வசதிகளில் பெரும்பாலானவை அதில் முதலிலேயே உள்ளன. கற்ற விசைகள் வீணாகாது. கோப்புகளைத் திரை திரையாகப் படிக்க உதவும் லெஸ் நிரலில் கீழே நகர ஜே, தேடச் சாய்கோடு. டெர்மினலில் கட்டளைகளை வாங்கி இயக்கும் பாஷ் ஷெல்லிலும் விஐ நிலை உண்டு.

முதலில் எந்த வரியைச் சேர்த்தீர்கள், மேலே என்ன காரணம் எழுதினீர்கள் என்று எனக்குச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா