கடைக் கணக்கு வேறு, வீட்டுக் கணக்கு வேறு: எந்த கிரெடிட் கார்டு எடுக்கலாம்?

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டையில் வீட்டு முன் அறையிலேயே தையல் கடை வைத்திருக்கிறேன். இரண்டு பெண்கள் கூட வேலை செய்கிறார்கள். லைனிங், ஃபால்ஸ், கொக்கி, நூல் எல்லாம் எம்.சி. ரோட்டிலும் கோடவுன் தெருவிலும் எடுப்பேன், மாதம் 20 ஆயிரம் ரூபாய்க்கு வரும். கையில் இருப்பது ஒரே கிரெடிட் கார்டு. மளிகை, பையன் டியூஷன், கடைச் சரக்கு எல்லாம் அதிலேயே போகிறது. மாதக் கடைசியில் கடையில் லாபமா நஷ்டமா என்றே புரியவில்லை. கடைக்கென்று இன்னொரு கார்டு எடுக்கலாம் என்று இருக்கிறேன். ரிவார்டு அதிகம் தரும் கார்டு எது? பிசினஸ் கார்டு என்று தனியாக இருக்கிறதாமே, எனக்குக் கிடைக்குமா?
– வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது ரிவார்டு பற்றிய கேள்வி இல்லை, லாபமா நஷ்டமா தெரியவில்லை என்ற அந்த ஒரு வரிதான். இரண்டு பேருக்குச் சம்பளம் கொடுத்துக் கடை நடத்துகிற ஒருவருக்கு அது தெரியாமல் இருக்கவே கூடாது. அதனால் முதலில் பிரிப்பது, அப்புறம் ரிவார்டு. கார்டைத் தேர்ந்தெடுப்பதும் இந்த வரிசையில் நடந்தால்தான் சரியாக வரும்.

ரிவார்டு எவ்வளவு என்பதை ஒருமுறை பேனா எடுத்துப் போட்டுப் பாருங்கள். 150 ரூபாய்க்கு 2 பாயிண்டு, ஒரு பாயிண்டு 25 காசு என்று ஒரு கார்டு இருப்பதாக வைத்துக்கொள்வோம். 20 ஆயிரம் ரூபாய்க்கு நீங்கள் சரக்கு எடுத்தால் 266 பாயிண்டு, கேட்க நன்றாக இருக்கும், பணமாக மாற்றினால் 67 ரூபாய்கூட முழுசாக வராது. அதே தொகைக்கு 1 சதவீதம் கேஷ்பேக் தரும் கார்டாக இருந்தால் 200 ரூபாய், வருஷத்துக்கு 2,400. அதில் ஆண்டுக் கட்டணம் 499 ரூபாய் என்றால் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேர்த்து 589 போய்விடும், மிச்சம் 1,800 சொச்சம். ஏர்போர்ட் லவுஞ்ச், ஹோட்டல் தள்ளுபடி என்று அட்டைப்பெட்டி நிறைய சலுகை எழுதியிருக்கும் கார்டுகளை நீங்கள் பார்க்கவே வேண்டாம், நூல்கண்டு வாங்குகிறவருக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. கட்டணம் இல்லாத, அல்லது வருஷத்தில் இவ்வளவு செலவு செய்தால் கட்டணம் தள்ளுபடி என்கிற, நேராக ரூபாயாகத் திருப்பித் தரும் கார்டு போதும்.

இந்த 200 ரூபாயும் எப்போது கையில் நிற்கும் தெரியுமா, மொத்த விலைக் கடையில் கார்டு தேய்க்க 2 சதவீதம் கூடுதலாகக் கேட்காமல் இருந்தால்தான். கேட்கிற கடைகள் நிறையவே உண்டு. 20 ஆயிரத்துக்கு 400 ரூபாய் கூடக் கொடுத்து 200 ரூபாய் ரிவார்டு வாங்குவது வேண்டவே வேண்டாம். அப்படிப்பட்ட கடையில் யு.பி.ஐ.யிலேயே வங்கிக் கணக்கிலிருந்து நேராகக் கொடுத்துவிடுங்கள், கடைக்கென்று வைத்திருக்கும் கணக்கிலிருந்து கொடுங்கள், அவ்வளவுதான். பிரிப்பது என்ற வேலை அப்போதும் நடந்துவிடுகிறது.

ரூபே (விசா, மாஸ்டர்கார்டு போல நம் நாட்டுக் கார்டு வகை) கிரெடிட் கார்டு என்றால் அதை யு.பி.ஐ. ஆப்பில் இணைத்து கியூ.ஆர். ஸ்கேன் செய்யலாம், 2022 முதல் அந்த வசதி இருக்கிறது. மெஷினே இல்லாத சின்னக் கடைகளில் சரக்கு எடுக்கும் உங்களுக்கு இது ரொம்ப உதவும், அதனால் ரூபே வகை கிடைக்கிறதா என்று கேட்டு எடுங்கள். ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், கல்லாப்பெட்டி பக்கத்தில் ஒட்டியிருக்கும் கியூ.ஆர். வியாபாரக் கணக்குடையதாக இருந்தால்தான் இந்தக் கார்டில் பணம் போகும். முதலாளியின் சொந்த எண்ணுடைய கியூ.ஆர். என்றால் போகாது. ரிவார்டிலும் யு.பி.ஐ. வழியாகச் செலவு செய்தால் பாயிண்டு குறைவு, அல்லது மாதத்துக்கு இவ்வளவுதான் என்று சில கார்டுகளில் வரம்பு இருக்கும். விண்ணப்பம் போடும் முன் அதைப் படித்துவிடுங்கள்.

பிசினஸ் கார்டு உங்களுக்குக் கிடைக்குமா என்றால், காகிதம் இருந்தால் கிடைக்கும். வங்கிகள் வழக்கமாகக் கேட்பது வருமான வரி ரிட்டர்ன், கடைப் பெயரில் ஓர் ஆதாரம், கொஞ்ச நாள் ஓடிய கரண்ட் அக்கவுண்ட் (வியாபாரத்துக்கான வங்கிக் கணக்கு). ஆதாரத்துக்கு உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) இருக்கிறது, ஆதார் எண்ணும் பான் எண்ணும் வைத்து அரசுத் தளத்தில் நீங்களே போடலாம், ஒரு பைசா கட்டணம் கிடையாது. போட்டுத் தருகிறேன் என்று ஆயிரம் இரண்டாயிரம் கேட்கும் ஆட்களிடம் போகாதீர்கள். அதோடு மாநகராட்சித் தொழில் உரிமமும் இருந்தால் கரண்ட் அக்கவுண்ட் திறப்பது சுலபம். அப்புறம் கடையில் ஒட்டியிருக்கும் உங்கள் கியூ.ஆரை அந்தக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். பிளவுஸ் தைத்த கூலி ஒரு கணக்கில் வந்து விழ வேண்டும், சரக்குக்கான கார்டு பில் அதே கணக்கிலிருந்து போக வேண்டும், வீட்டுச் செலவுக்கு மாதம் இவ்வளவு என்று அதிலிருந்து உங்கள் சேமிப்புக் கணக்குக்கு ஒரே தடவையாக மாற்றிக்கொள்ள வேண்டும். இதை மூன்று மாதம் செய்யுங்கள், கரண்ட் அக்கவுண்ட்டில் என்ன மிஞ்சுகிறது என்று பார்த்தாலே உங்கள் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும்.

பிசினஸ் கார்டு உடனே கிடைக்காவிட்டால், ஃபிக்சட் டெபாசிட் போட்டு அதன் பேரில் ஒரு கார்டு வாங்கலாம், டெபாசிட் தொகையில் பெரும் பகுதியை லிமிட்டாகக் கொடுப்பார்கள், டெபாசிட்டுக்கு வட்டியும் வந்துகொண்டிருக்கும். இங்கே ஒரு சங்கதி, இது தனிநபர் கார்டுதான். தனிநபர் கார்டை வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று பல வங்கிகளின் விதிமுறையிலேயே எழுதியிருக்கும். மொத்த விலைக் கடைகளில் திரும்பத் திரும்பப் பெரிய தொகை போனால் பாயிண்டை ரத்து செய்வார்கள், சில சமயம் கார்டையே நிறுத்துவார்கள். அதனால் கஸ்டமர் கேருக்கு ஒரு மெயில் போட்டு, தையல் கடைச் சரக்குக்குப் பயன்படுத்தலாமா என்று எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தொழில் வளர்ந்ததும் பிசினஸ் கார்டுக்கு மாறிவிடுங்கள். ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், நீங்கள் தனி ஒருவராக நடத்தும் கடை என்பதால் பிசினஸ் கார்டு பில்லைக் கட்டாவிட்டாலும் பொறுப்பு உங்கள் தலையில்தான், கடை வேறு நான் வேறு என்று சொல்ல முடியாது, சிபில் ஸ்கோரும் (கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் மதிப்பெண்) அடிபடும்.

வட்டியைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதிலை முடிக்க எனக்கு மனசு வராது. பெரும்பாலான கார்டுகளில் மாத வட்டி 3.5 சதவீதத்தை ஒட்டி அல்லது அதற்கு மேல், வருஷத்துக்கு 42 சதவீதத்தைத் தாண்டும். தண்டல்காரரைப் பார்த்துப் பயப்படுகிற நம் பெண்கள் இந்த எண்ணைப் பார்த்துப் பயப்படுவதில்லை, அதுதான் என் கவலை. 20 ஆயிரம் பில்லில் மினிமம் டியூ (கட்டியே ஆக வேண்டிய குறைந்தபட்சத் தொகை) என்று ஆயிரம் ரூபாய் மட்டும் கட்டினால், சரக்கு வாங்கிய நாளிலிருந்து கணக்கிட்டு மாதத்துக்கு சுமார் 700 ரூபாய் வட்டி, அதற்கு ஜி.எஸ்.டி. 126, ஆக 826. நான்கு மாத ரிவார்டு ஒரே மாதத்தில் போச்சு. அதோடு, பாக்கி நிற்கும்வரை புதிதாக வாங்கும் சரக்குக்கும் வட்டியில்லாத நாட்கள் கிடையாது, வாங்கிய அன்றே வட்டி ஓட ஆரம்பிக்கும். கரண்ட் அக்கவுண்ட்டிலிருந்து 'டோட்டல் அமவுண்ட் டியூ' முழுவதும் தானாகப் போகும்படி ஆட்டோ டெபிட் போட்டுவிடுங்கள். அந்தப் படிவத்தில் மினிமம் டியூ என்றும் ஒரு கட்டம் இருக்கும், தப்பித் தவறி அதில் டிக் போட்டுவிடாதீர்கள். ஏ.டி.எம்.மில் இந்தக் கார்டில் பணம் எடுக்கவே வேண்டாம், எடுத்த நொடியிலிருந்து வட்டி, கட்டணம் தனி.

தீபாவளி, பொங்கல் நேரத்தில் உங்களுக்குச் சரக்கு இரண்டு மடங்கு தேவைப்படும், கூலி கையில் வர நாளாகும். பில் போடும் தேதி 5 என்றால், 6-ம் தேதி வாங்கிய சரக்குக்கு அடுத்த மாதம் 5-ம் தேதிதான் பில், கட்ட 25-ம் தேதி வரை நேரம், கிட்டத்தட்ட 50 நாள். 4-ம் தேதி வாங்கினால் 21 நாள்தான். பில் தேதியை ஒரு தடவையாவது மாற்றிக்கொள்ள வாய்ப்புத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் விதி இருக்கிறது, உங்களுக்குக் கூலி வரும் நாளுக்கு ஏற்ற மாதிரி கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

முன் அறையும் வீடும் ஒரே மீட்டரில் இருந்தால் ஈ.பி. பில்லை இரண்டு கார்டில் பிரித்துக் கட்ட முயல வேண்டாம். வீட்டுக் கணக்கிலேயே கட்டிவிட்டு, கடைப் பங்கை நோட்டில் எழுதி, மாதாமாதம் எடுக்கும் வீட்டுத் தொகையோடு சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் அவசரத்தில் கடைக் கார்டில் மளிகை வாங்கிவிட்டாலும் அப்படித்தான், அன்றைக்கே அந்தத் தொகையைச் சேமிப்புக் கணக்கிலிருந்து கரண்ட் அக்கவுண்ட்டுக்கு மாற்றிவிடுங்கள். ஸ்டேட்மெண்ட் வந்ததும் ஒவ்வொரு வரிக்கும் எதிரே சரக்கு பில் இருக்கிறதா என்று பேனாவால் டிக் அடியுங்கள். பில் இல்லாத வரி ஏதாவது இருந்தால் அந்த வாரமே கடைக்காரரிடம் கேட்டு வாங்கலாம், ஆறு மாதம் கழித்துக் கேட்டால் யாரும் தேடித் தர மாட்டார்கள்.

கேள்வி: என் மச்சான் காசிமேட்டில் படகு இன்ஜின் பாகங்கள் விற்கிறார். "உங்க கார்டுல தேயுங்க மாமா, பணத்தைக் கையில கொடுத்துடறேன், பாயிண்டு உங்களுக்கே" என்கிறார். நான் சம்பளக்காரன். செய்யலாமா?
– வாசகர், காசிமேடு

பதில்: வேண்டாம். அவர் நல்லவராக இருக்கலாம், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. அந்த நேரத்தில் படகு உரிமையாளர்களிடம் அவருக்குப் பாக்கி நின்றால் உங்களுக்கு எங்கிருந்து தருவார்? உங்கள் பில்லுக்குத் தடைக்காலம் கிடையாது. அப்புறம், ஒரு நிதியாண்டில் கிரெடிட் கார்டு பில்லுக்காக ரொக்கமாக ஒரு லட்சமோ, மற்ற வழிகளில் 10 லட்சமோ அதற்கு மேலோ கட்டினால் வங்கி அதை வருமான வரித் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். அவர் கடைச் சரக்கெல்லாம் உங்கள் பான் எண்ணில் ஏறி நிற்கும், சம்பளத்துக்கு மீறிய செலவு எப்படி என்று கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். மேலே சகோதரிக்குச் சொன்ன வழியை அவருக்குக் காட்டுங்கள், அவர் பெயரிலேயே ஒரு கார்டு எடுக்கட்டும். ஆட்-ஆன் கார்டு (உங்கள் கார்டுக் கணக்கிலேயே இன்னொருவர் பெயரில் தரும் கூடுதல் கார்டு) எடுத்துக் கொடுப்பதும் இதே கதைதான், அதற்கும் கட்ட வேண்டியவர் முதல் கார்டுக்காரர்.

கேள்வி: வியாசர்பாடியில் எலக்ட்ரிகல் கடை, ஜி.எஸ்.டி. பதிவு உண்டு. பிசினஸ் கார்டில் வாங்கினால் ஸ்டேட்மெண்டை வைத்தே வரியைத் திரும்ப எடுக்க முடியுமா?
– வாசகர், வியாசர்பாடி

பதில்: முடியாது. உங்கள் ஜி.எஸ்.டி. எண் போட்ட வரி பில் வேண்டும், விற்றவரும் அதைத் தன் ரிட்டர்னில் காட்டியிருக்க வேண்டும். நீங்கள் காம்போசிஷன் முறையில் (மொத்த விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை வரியாகக் கட்டும் முறை) இருந்தால் எப்படியும் எடுக்க முடியாது. சாதாரண முறை என்றால், கார்டின் ஆண்டுக் கட்டணத்துக்குப் போட்ட ஜி.எஸ்.டி.யையும் விடாதீர்கள், வங்கியில் உங்கள் எண்ணைப் பதிவு செய்து வையுங்கள்.

கேள்வி: திருவொற்றியூரில் ஸ்கூல் வேன் ஓட்டுகிறேன். டீசலுக்கென்று தனி கார்டு எடுத்தால் லாபமா?
– வாசகர், திருவொற்றியூர்

பதில்: உங்கள் தொழிலில் செலவே முக்கால்வாசி டீசல்தான் என்பதால், தனி கார்டு வைத்தால் கணக்கு தானாகவே பிரிந்துவிடும், தாராளமாக எடுங்கள். சாதாரண ரிவார்டு கார்டு வேண்டாம், பல கார்டுகளில் எரிபொருளுக்குப் பாயிண்டே கிடையாது. இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம், ஹிந்துஸ்தான் பெட்ரோலியம் மூன்றுக்குமே வங்கிகளோடு சேர்ந்து வெளியிட்ட கார்டுகள் இருக்கின்றன. நீங்கள் தினமும் போகும் வழியில் எந்த நிறுவனத்தின் பங்க் இருக்கிறதோ அதன் கார்டை எடுங்கள், பாயிண்டுக்காக நாலு கிலோமீட்டர் சுற்றிப் போனால் கிடைத்ததை டீசலே குடித்துவிடும். பங்கில் கார்டு தேய்த்தால் வரும் 1 சதவீத சர்சார்ஜை (கூடுதல் கட்டணத்தை) திருப்பித் தருவார்கள், ஆனால் ஒரு தடவைக்குக் குறைந்தது இவ்வளவு, அதிகபட்சம் இவ்வளவு என்று வரம்பு இருக்கும். அந்தக் குறைந்தபட்சத் தொகைக்குக் கீழே அடிக்கடி போடுகிறவர் என்றால், இரண்டு நாளைக்குச் சேர்த்து ஒரே தடவையாகப் போட்டுக்கொள்ளுங்கள். சர்சார்ஜ் மேல் போட்ட ஜி.எஸ்.டி. திரும்ப வராது. டயர், இன்சூரன்ஸ், எஃப்.சி. செலவுக்கும் இதே கார்டைப் பயன்படுத்துங்கள், பாயிண்டு வந்தாலும் வராவிட்டாலும் வேன் செலவு மொத்தமும் ஒரே ஸ்டேட்மெண்டில் வந்துவிடும்.