கருப்பு கோட்டிங் அடிச்சா கமாண்டோ கத்தி ஆயிடுமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: போனைத் திறந்தாலே 'டாக்டிக்கல் சர்வைவல் நைஃப்'னு (ராணுவ ஸ்டைல் கத்தியாம்) விளம்பரம்தான் வருது. கருப்பு பிளேடு, முதுகுல ரம்பப் பல்லு, பிடியைத் திருகித் திறந்தா உள்ள தீக்குச்சி, தூண்டில் நரம்பு, மூடியில காம்பஸ். அப்பப்போ ட்ரெக்கிங் போறவன் நான். வாங்கலாமா சார்?

பதில்: வேண்டாங்க. அந்தக் கத்தியில இருக்கிற ஒவ்வொரு அயிட்டமும் எங்கயோ ஒரு வேலைக்காகப் பொறந்ததுதான், விளம்பரக்காரங்க அந்த வேலையைக் கழட்டிட்டு வெறும் உருவத்தை மட்டும் வச்சு விக்கிறாங்க. ரம்பப் பல்லையே எடுத்துக்கோங்க. அமெரிக்க ராணுவ விமானிகளுக்குக் குடுத்த 5 இஞ்ச் சர்வைவல் கத்தியில அது இருந்துச்சு, எதுக்குன்னா விமானம் விழுந்து உள்ள மாட்டிக்கிட்டா மெல்லிசான அலுமினியத் தகட்டைக் கிழிச்சு வெளிய வர்றதுக்கு. அதைக் கொண்டு மரம் அறுத்துப் பாருங்க, ரெண்டு இழுப்புல மரத்தூள் பல்லுல அடைச்சு அப்படியே நின்னுடும். 1982ல வந்த ஒரு ஹாலிவுட் ஆக்‌ஷன் படத்துல ஹீரோ கையில பெரிய சைஸ்ல இது வந்துச்சு, கூடவே உள்குடைவான பிடியும் வந்துச்சு, அப்புறம் அந்த 80கள் முழுக்க அதோட மலிவு காப்பிகள் உலகம் பூரா வித்துத் தள்ளிட்டாங்க, இன்னிக்கு உங்க போன்ல வர்றது அதோட பேரன் பேத்திங்கதான்.

உள்குடைவுப் பிடியில என்ன பிரச்சனைன்னா, உள்ள தீக்குச்சி வைக்க இடம் வேணும்னா பிளேடோட வால் பகுதி பிடிக்குள்ள நீளமா போக முடியாது. கழுத்துலயே முடிஞ்சு ஒரு நட்டுலயோ பசையிலயோ நிக்கும். கட்டையில வச்சு ஓங்கி ஒரு தட்டு தட்டுனா பிளேடு ஒரு பக்கம் பிடி ஒரு பக்கம். பிளேடையும் பிடியையும் ஒரே இரும்புத் துண்டுல இருந்து கடைஞ்சு எடுத்த நல்ல கத்திகளும் இருந்துச்சு, இல்லைன்னு சொல்லல, ஆனா அது வேற தரம், வேற விலை.

கருப்பு கோட்டிங்குக்கும் ஒரு நியாயம் உண்டு. கார்பன் ஸ்டீல் சீக்கிரம் துரு பிடிக்கும், பளபளன்னு இருந்தா வெளிச்சத்துல காட்டிக் குடுத்துடும், அதனால பூச்சு போட்டாங்க. 1942 கடைசியில அமெரிக்க மரீன் படை எடுத்துக்கிட்ட கா-பார் கத்தி அப்படித்தான், 7 இஞ்ச் பிளேடு, தோல் வளையம் அடுக்கின பிடி, பார்க்கவே சாதாரணமா இருக்கும். போருக்குன்னு குடுத்த கத்திதான், ஆனா பசங்க அதை வச்சு டின் திறந்தாங்க, பெட்டி நெம்புனாங்க, குழி தோண்டுனாங்க, தினப்படி வேலை அதுதான். துருவே சரியா பிடிக்காத மலிவு ஸ்டெயின்லெஸ் மேல கருப்பு பெயின்ட் எதுக்கு? போட்டோவுக்கு. நாலு தடவை உறையில போட்டு எடுத்தா கீறல் விழுந்து சொறி பிடிச்ச மாதிரி ஆயிடும்.

ட்ரெக்கிங்குக்கு எது நல்லதுன்னு கேட்டா, ஸ்வீடன்ல செய்யற மோரா கத்தியைத்தான் காட்டுவேன். சுமார் 10 சென்டிமீட்டர் பிளேடு, ரெண்டு ரெண்டரை மில்லிமீட்டர் கனம், பிளாஸ்டிக் பிடி, பார்த்தா பெயின்ட் கடையில விக்கிற சாமான் மாதிரி இருக்கும். அதோட சாதாரண மாடல்கள்ல வால் பகுதி கூட பிடிக்குள்ள முழு நீளத்துக்குப் போறதில்ல, ஆனாலும் சீவும், செதுக்கும், கயிறு அறுக்கும், அதுக்கு மேல ட்ரெக்கிங்ல கத்திக்கு என்ன வேலை இருக்கு சொல்லுங்க. 6 மில்லிமீட்டர் கனத்துல வர்ற 'டாக்டிக்கல்' பிளேடை கடப்பாரைக்குத்தான் கூர் தீட்டி வச்சிருக்காங்கன்னு கத்தி சேர்க்கிறவங்களே கிண்டல் பண்றாங்க.

கேள்வி: 'மிலிட்டரி கிரேடு', 'சர்ஜிக்கல் ஸ்டீல்'னு போட்டிருந்தா தரம் உறுதிதானே?

பதில்: ரெண்டுமே ஒண்ணும் சொல்லாத வார்த்தை. 'சர்ஜிக்கல் ஸ்டீல்'ங்கிற பேர்ல இன்ன கலவைன்னு நிர்ணயம் எதுவும் கிடையாது, பெரும்பாலும் 420 வகை மாதிரி மென்மையான ஸ்டெயின்லெஸ்ஸா இருக்கும், துரு பிடிக்காது, உடையாது, கூர் மட்டும் நிக்காது. 'மிலிட்டரி கிரேடு'க்கு ஆதாரமா டார்ச், வாட்ச், பை இதுங்க மேல போடுற மில்-ஸ்டாண்டர்டு 810 உண்மையான அமெரிக்க ராணுவ ஆவணம்தான். ஆனா அது சூடு, குளிர், அதிர்ச்சி, தூசின்னு எப்படி டெஸ்ட் பண்றதுங்கிற வழிமுறை. எந்த டெஸ்ட், எத்தனைன்னு கம்பெனியே எடுத்துக்கலாம், பாஸ்னு சர்டிபிகேட் குடுக்க ஒரு அமைப்பும் கிடையாது. அதனால கத்தி வாங்குறப்ப ஸ்டீலோட பேரு என்ன (1095, டி2, 440சி இப்படி), ராக்வெல் கடினம் (ஸ்டீல் எவ்வளவு கெட்டின்னு சொல்ற அளவு) எத்தனைன்னு கேளுங்க. 56ல இருந்து 60க்குள்ள சொன்னா மேற்கொண்டு பேசலாம். ஸ்டீல் பேரையே மறைக்கிறவன்கிட்ட எதுக்கு வாங்கணும்?

கேள்வி: என் பையனுக்கு 16 வயசு. கேம்ல பார்த்துட்டு கரம்பிட் கத்தி வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறான். 'சும்மா ஷோவுக்குத்தாம்மா'ங்கிறான். வாங்கிக் குடுக்கலாமா?

பதில்: கூரானது வேண்டாம்மா. கரம்பிட் சுமத்ரா தீவுல மினாங்கபாவ் மக்கள்கிட்ட இருந்து வந்த, நகம் மாதிரி வளைஞ்ச கத்தி, வயல் வேலைக் கருவியாத் தொடங்கி சிலாட் தற்காப்புக் கலைக்குள்ள போச்சுன்னு சொல்வாங்க. பிடியோட கடைசியில இருக்கிற வளையம் விரலை மாட்டிக்கிறதுக்கு, கை வழுக்கினாலும் கத்தி விழாது. 2013 ஆகஸ்ட்ல கவுன்டர்-ஸ்ட்ரைக் கேம்ல கத்தி ஸ்கின்கள் (கேம்ல ஆயுதத்துக்கு மாட்டுற அலங்காரத் தோற்றம்) வந்தப்ப இதுவும் வந்துச்சு, திரையில விரல்ல மாட்டி சுத்துறது அழகாத்தான் இருக்கும், அதுல விரல் வெட்டாது. வீட்ல உங்க பையன் முதல்ல செய்யப்போறதே அந்தச் சுத்துதான். சிலாட் கத்துக்கிறவங்களே கூர் இல்லாத பயிற்சிக் கரம்பிட் வச்சுத்தான் ஆரம்பிக்கிறாங்க. அதை வாங்கிக் குடுங்க, அதையும் வீட்டை விட்டு வெளிய எடுத்துட்டுப் போகக்கூடாதுன்னு கறாரா சொல்லிடுங்க, தூரத்துல இருந்து பார்க்கிற போலீஸ்காரருக்கு கூர் இருக்கா இல்லையான்னு தெரியாது.

கேள்வி: பாதுகாப்புக்கு ஹேண்ட்பேக்ல ஒரு மடக்குக் கத்தி வச்சுக்கலாமா?

பதில்: வேண்டாம். நிறைய நாட்டுல அப்படி வச்சிருக்கிறதே குற்றம், பயத்துல நடுங்குற கையில மடக்குக் கத்தி திறக்கிறது அந்த விளம்பரத்துல வர்ற மாதிரி நடக்காது, பிடுங்கினா உங்க மேலயே திரும்பும். ஓடுறதுக்கு வசதியா செருப்பு போட்டுக்கோங்க, சத்தம் போட்டு ஆளைக் கூப்பிடுங்க.

கேள்வி: இந்த மாதிரி விளம்பரங்களை எந்த அரசாங்கமும் கண்டுக்காதா?

பதில்: பிரிட்டன் கண்டுக்கிட்டுது, அந்தக் கதை கொஞ்சம் சுவாரசியம். 1997லயே ஒரு சட்டம் போட்டு, சண்டைக்கு ஏத்ததுன்னு சொல்லி கத்தியை மார்க்கெட் பண்றதே குற்றம்னு ஆக்கிட்டாங்க. 2016ல 'ஜாம்பி நைஃப்'க்கு (ஜாம்பி படங்கள்ல வர்ற மாதிரி மிரட்டலா செஞ்ச பெரிய கத்தி) இங்கிலாந்து, வேல்ஸ்ல தடை வந்துச்சு. ஆனா அந்த விளக்கத்துல வன்முறையைத் தூண்டுற படமோ எழுத்தோ இருக்கணும்னு ஒரு நிபந்தனை. வியாபாரிங்க என்ன பண்ணுவாங்க? எழுத்தை அழிச்சுட்டு அதே பிளேடை வித்தாங்க. கடைசியில 2024 செப்டம்பர் 24ல இருந்து உருவத்தையே வச்சுத் தடை போட்டாங்க, 8 இஞ்சுக்கு மேல நீளம், கூர் முனை, கூட ரம்பப் பல்லோ ஒண்ணுக்கு மேல ஓட்டையோ இந்த மாதிரி அம்சம் இருந்தா வீட்ல வச்சிருக்கவே கூடாது. கவனிச்சீங்களா, சட்டம் பட்டியல் போட்டதுல பெரும்பாலும் கத்தியோட வேலைக்கு உதவாத அலங்காரங்கள்தான்.

கேள்வி: பாராகார்டு கயிறுல பின்னின கைப்பட்டையைக் கழட்டி, அந்தக் கயிறைப் பிடிச்சு மலை ஏறலாமா?

பதில்: ஐயோ! பாராசூட்டுக்குன்னு வந்த கயிறு, அதோட பேர்ல வர்ற 550ங்கிறது பவுண்டு கணக்கு, சுமார் 250 கிலோ அசையாம தொங்குற எடைக்கு. ஆள் விழுந்தா வர்ற வெட்டு இழுப்பு அதைவிடப் பல மடங்கு. டென்ட் கட்டுங்க, ஷூ லேஸா போடுங்க.

கேள்வி: பிளேடுல நீளமா ஒரு பள்ளம் இருக்கே, ரத்தம் வழியறதுக்குன்னு கடைக்காரர் சொன்னாரு. நிஜமா?

பதில்: கட்டுக்கதை. எடையைக் குறைக்கத்தான் அந்தப் பள்ளம். விறைப்பு பெருசாக் குறையாம இரும்பு மிச்சம், வாள் காலத்துல இருந்தே இருக்கிற பழைய வித்தை. நாலு இஞ்ச் கத்தியில அது போட்டிருந்தா கூட ரெண்டு கிராம் குறைஞ்சிருக்கும், அவ்வளவுதான்.