மறுமொழி: வில்கோவின் ‘குரூயல் கன்ட்ரி’ எனக்கு மட்டும்தான் சலிப்பூட்டுகிறதா?

வணக்கம். ‘யாங்கி ஹோட்டல் ஃபாக்ஸ்ட்ராட்’ இசைத்தொகுப்பின் வழியாக அமெரிக்க ராக் இசைக்குழுவான வில்கோவுக்கு வந்த தாங்கள், அவர்களது ‘குரூயல் கன்ட்ரி’ தொகுப்பை மூன்று முறை முயன்றும் பாதியில் நிறுத்திவிட்டதாகவும், ரசிகர்களில் ஒரு சாரார் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாட, மறு சாரார் தூக்கம் வருகிறது என்பதால் குழம்பியிருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள்.

இரு தரப்பினரும் ஒரே தன்மையைத்தான் சொல்கிறார்கள் என்பது என் கருத்து. 2022 மே மாதம் வெளிவந்த இந்த 21 பாடல்களில் பெரும்பகுதி, சிகாகோவில் உள்ள அவர்களது சொந்த ஒலிப்பதிவுக்கூடத்தில் ஆறு பேரும் ஒன்றாக அமர்ந்து நேரடியாக வாசித்துப் பதிந்தவை. தங்களுக்குப் பிடித்த ‘யாங்கி ஹோட்டல் ஃபாக்ஸ்ட்ராட்’ என்ற 2002ஆம் ஆண்டுத் தொகுப்பில் இரைச்சலும் சிற்றலை வானொலிக் குரலும் அடுக்கடுக்காகப் படிந்திருந்தன. அவற்றை இங்கே தேடினால் வெறுமைதான் மிஞ்சும். நீளத்தைப் பற்றிய குறை மட்டும் முற்றிலும் நியாயமானது. நான்கைந்து பாடல்களைக் கழித்திருந்தால் குடி ஒன்றும் முழுகியிருக்காது.

ஆகவே வரிசையை மறந்துவிட்டு, ‘பேர்ட் வித்தவுட் எ டெயில்’ பாடலை ஹெட்ஃபோனில் கேளுங்கள். குழுவின் பாடகர் ஜெஃப் ட்வீடியின் குரல் ஓய்ந்த பிறகும் பாடல் முடிவதில்லை. கிதார்கள் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு, அவசரமே இல்லாமல் நெடுநேரம் நடக்கின்றன. அடுத்து, ஏறத்தாழ எட்டு நிமிடம் நீளும் ‘மெனி வேர்ல்ட்ஸ்’. இவ்விரண்டும் ஒட்டவில்லை என்றால் இத்தொகுப்போடு மல்லுக்கட்ட வேண்டாம். வேல்ஸ் நாட்டுக் கலைஞர் கேட் லெ பான் தயாரிப்பில் 2023இல் வந்த வில்கோவின் ‘கசின்’ தொகுப்பு தங்கள் காதுக்கு இன்னும் நெருக்கமாக இருக்கும்.