வாசகர் கேள்வி–பதில்: வைரஸ் ஒட்டுவதைக் காட்டும் காந்தத் துகள்கள்

கேள்வி: வைரஸ் செல்லில் ஒட்டுவதைக் காந்த நானோதுகள்களால் அளக்கிறார்களாமே? காந்தத்தால் இழுத்துப் பார்ப்பதா?

பதில்: இழுத்துப் பிரிப்பதும் உண்டு. ஆனால் ஒட்டுதலை அளக்க இழுக்கத் தேவையில்லை. துகளைச் சுற்றியுள்ள தண்ணீரைக் கவனித்தால் போதும். சில நானோமீட்டர் குறுக்களவுள்ள இரும்பு ஆக்சைடு துகளுக்கு டெக்ஸ்ட்ரான் அல்லது பாலிஅக்ரிலிக் அமிலப் பூச்சு கொடுத்து, அதன்மேல் ஏற்பியை, அதாவது செல்லின் மேற்பரப்பில் வைரஸ் பற்றும் மூலக்கூறை, பிணைக்கிறார்கள். இன்ஃப்ளுயன்சா என்றால் சையாலிக் அமிலம் கொண்ட சர்க்கரை. கோவிட் வைரஸ் என்றால் ஏ.சி.இ.2 புரதம். ஒரே வைரஸ் பல துகள்களைப் பற்றும்போது அவை கொத்தாகின்றன. உடனே தண்ணீரில் உள்ள புரோட்டான்களின் டி2 தளர்வு நேரம் (காந்தப் புலத்தில் தூண்டப்பட்ட புரோட்டான்களின் சமிக்ஞை தேய எடுக்கும் நேரம்) மாறுகிறது, பெரும்பாலும் குறைகிறது. எம்.ஆர்.ஐ. பயன்படுத்தும் அதே டி2தான். மேசைமேல் வைக்கும் 0.47 டெஸ்லா என்.எம்.ஆர். (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) கருவியே இதை அளந்துவிடும். ஒளியை நம்பாத முறை என்பதால் கலங்கலான மாதிரியும் தடையில்லை. 2003-லேயே ஹெர்ப்பிஸ், அடினோ வைரஸ்களை, ஆன்டிபாடி பூசிய துகள்களைக் கொண்டு இப்படிக் கண்டறிந்து காட்டிவிட்டார்கள்.

கேள்வி: ஏற்பியைப் பிணைக்கும்போதே துகள்கள் திரண்டு அடியில் படிந்துவிடுகின்றன. ஏன்?

பதில்: பாலிஅக்ரிலிக் அமிலப் பூச்சில் இருக்கும் கார்பாக்சில் குழுக்களின் எதிர்மின்சுமைதான் துகள்களை ஒன்றையொன்று நெருங்கவிடாமல் வைத்திருக்கிறது. கார்பாக்சிலை அமீனுடன் இணைக்க உதவும் ஈ.டி.சி. என்ற வேதிப்பொருளை அள்ளிப் போட்டால் அந்தச் சுமை போய்விடும், துகள்கள் திரளும். புரதத்தைப் பிணைக்கும்போது இன்னொரு சிக்கல்: ஒரே புரதத்தில் பல அமீன்கள் (கார்பாக்சிலுடன் பிணையும் நைட்ரஜன் குழுக்கள்) இருப்பதால் அதுவே இரண்டு துகள்களைக் கோத்துவிடும். அதனால் புரதம் மிகையாக உள்ள கரைசலில் துகளைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள், மாற்றிச் செய்யாதீர்கள்.

துகளை உப்பு சேர்க்காத, பி.எச். 6 உள்ள 0.1 மோலார் எம்.இ.எஸ். பஃபரில் எடுத்துக்கொள்ளுங்கள். ஈ.டி.சி., அதன் துணைப்பொருளான என்.எச்.எஸ். இரண்டையும் அப்போதே கரைத்துச் சேருங்கள்; நேற்றைய கரைசல் உதவாது, ஈ.டி.சி. தண்ணீரில் சிதைந்துவிடும். 15 நிமிடம் கழித்து உப்புநீக்கும் வடிகுழாயில் (column) விட்டு மிகுதியை அகற்றி, தாமதிக்காமல் பி.எச். 7.4 பாஸ்பேட் பஃபரில் உள்ள ஏற்பியுடன் சேருங்கள். அறை வெப்பத்தில் 2 மணி நேரம் போதும். கிளைசினைக் கடைசியில்தான், மீதமுள்ள வினைக் குழுக்களை அடைக்கச் சேர்க்க வேண்டும். ட்ரிஸ் பஃபர் எந்தக் கட்டத்திலும் வேண்டாம். அதன் அமீன் ஏற்பியுடன் போட்டிக்கு வரும். ஃப்ளூவுக்கான ஏற்பிச் சர்க்கரையான சையாலில்லாக்டோஸுக்கு இயல்பில் அமீன் கிடையாது, அமீன் கை பொருத்திய வடிவமாகப் பார்த்து வாங்குங்கள்.

ஒட்டாமல் மிதக்கும் ஏற்பியை முழுவதும் கழுவியாக வேண்டும். அது வைரஸைத் தானே பற்றிக்கொண்டால் துகளுக்கு இடம் இருக்காது. இவ்வளவு சிறிய துகள்களைச் சாதாரணக் காந்தம் பிடித்து வைக்காது. எஃகு இழை அடைத்த காந்த வடிகுழாயோ, சவ்வு வழியே பிரிக்கும் டயாலிசிஸோ தேவை. பிறகு ஒளிச்சிதறல் கருவியில் துகளளவைப் பாருங்கள். அளவுச் சிதறல் எண் (துகள்களின் அளவு எவ்வளவு வேறுபடுகிறது என்பதன் குறி) 0.2-ஐத் தாண்டினால் அந்தத் தொகுதியைக் கொட்டிவிடலாம், சரிசெய்ய முயல்வது வீண் வேலை. நல்ல தொகுதியை 4 டிகிரியில் வையுங்கள். உறையவிட்டால் திரளும்.

கேள்வி: வைரஸைக் கூட்டக் கூட்ட டி2 மாற்றம் குறைகிறதே?

பதில்: வைரஸ் மிகுந்துபோனால் ஆளுக்கொரு துகள்தான் கிடைக்கும், பாலம் கட்ட இன்னொன்று இருக்காது, கொத்தும் உருவாகாது. ஒட்டுதல் நடந்திருக்கும், கருவிக்குத் தெரியாது. இரும்பை 0.1 மில்லிமோலாரில், அதாவது மி.லி.க்கு 5.6 மைக்ரோகிராமில் நிறுத்திக்கொண்டு (தொடக்க டி2 ஏறத்தாழ 150–200 மில்லிவினாடி வரும்), வைரஸைப் பத்து மடங்கு படிகளில் நீர்த்துப் பாருங்கள். பெரிய கொத்துகள் அடியில் படிந்தாலும் டி2 ஏறும். அளக்குமுன் குமிழி வராமல் மெல்லக் கலக்குங்கள். குழாயும் கருவியும் ஒரே வெப்பநிலையில் இருக்கட்டும்.

கேள்வி: மனித ஃப்ளூ ஆல்ஃபா 2,6 சர்க்கரையையும் பறவை ஃப்ளூ ஆல்ஃபா 2,3 சர்க்கரையையும் (எண்கள் சையாலிக் அமிலம் இணைந்துள்ள விதத்தைக் குறிக்கும்) விரும்பும் என்று படித்தேன். எங்கள் சோதனையில் இரண்டும் எல்லாவற்றிலும் ஒட்டுகின்றன.

பதில்: துகளில் சர்க்கரையை நெருக்கமாக நட்டிருப்பீர்கள். ஃப்ளூ வைரஸின் ஒட்டும் புரதமான ஹீமக்ளூட்டினின் ஒன்று ஒரு சையாலிக் அமிலத்தைப் பிடிக்கும் பிடி மிகத் தளர்வானது, பிரிகை மாறிலி (பாதிப் பிடிகள் நிறையும் செறிவு; அது கூடினால் பிடி தளர்வு) மில்லிமோலார் அளவில் இருக்கும். பல பிடிகள் ஒன்றுசேர்ந்துதான் வைரஸை நிறுத்துகின்றன. சர்க்கரை அடர்ந்திருந்தால் விருப்பமில்லாத வகையும் பிடிபட்டுவிடும். ஆகவே குறைவு, நடுத்தரம், அடர்த்தி என்று மூன்று தொகுதிகளாவது செய்யுங்கள்; வித்தியாசம் பெரும்பாலும் குறைந்த அடர்த்தியில்தான் தெளியும். ஒரே அடர்த்தியில் அளந்துவிட்டு "இந்த வைரஸ் இதைத்தான் விரும்புகிறது" என்று எழுதுவதை நான் நம்பமாட்டேன்.

வைரஸின் நியூராமினிடேஸ் நொதி அந்தச் சர்க்கரையையே வெட்டும். 4 டிகிரியில் வைத்தால் நொதி மந்தமாகும், ஆனால் கருவி 37 அல்லது 40 டிகிரியில் அளந்தால் பயனில்லை. ஜனாமிவிர் என்ற ஃப்ளூ மருந்தைச் சேர்த்து நொதியை அடைப்பதே நல்லது.

கேள்வி: செயலிழக்கச் செய்த வைரஸைப் பயன்படுத்தலாமா? எந்தக் கட்டுப்பாட்டுச் சோதனைகள் அவசியம்?

பதில்: தாராளமாக. ஃபார்மலின் புரதங்களைக் குறுக்கே கோர்த்து ஒட்டும் இடத்தை மாற்றக்கூடும் என்பதால் பீட்டா-புரோப்பியோலாக்டோன் மேல். ஏற்பி இல்லாத துகள், அந்த ஏற்பியைத் தொடாத வேறொரு வைரஸ், வைரஸ் வளர்த்த திரவம் மட்டும் – இம்மூன்றிலும் டி2 அசையக் கூடாது. நான்காவதுதான் முக்கியம்: வைரஸுடன் தனி ஏற்பியை 30 நிமிடம் முன்னதாகக் கலந்து, பிறகு துகளைச் சேருங்கள். தனி ஏற்பியின் அளவைக் கூட்டக் கூட்ட மாற்றம் படிப்படியாக மறைந்தால் நீங்கள் பார்த்தது ஒட்டுதல். மறையாவிட்டால் வெறும் திரளல். தனிச் சர்க்கரையின் பிடி தளர்வு என்பதால் ஃப்ளூவுக்கு அது மில்லிமோலார் கணக்கில் தேவைப்படும். ஹீமக்ளூட்டினினின் தலைப்பகுதியை மறைக்கும் ஆன்டிபாடி சிறிதளவே போதும்.