ஷெல்லை மாற்றுவதா, ஃபைல் மேனேஜரை மாற்றுவதா?

கேள்வி: ஒரு ஃபோல்டரிலிருந்து இன்னொன்றுக்கு போட்டோக்களை மாற்றுவதற்குள் விண்டோஸில் நாலைந்து விண்டோ திறந்துவிடுகிறது, எது எந்த ஃபோல்டர் என்றே தெரியவில்லை. டெஸ்க்டாப் ஷெல்லையே மாற்றிவிடு என்கிறார் நண்பர். மாற்றலாமா சார்?

பதில்: ஷெல்லில் கை வைக்காதீர்கள். உங்கள் தொல்லை ஃபைல் மேனேஜரில் இருக்கிறது. டாஸ்க்பார், டெஸ்க்டாப் ஐகான்கள் எல்லாம் ஷெல்லின் பொறுப்பு. ஃபைல்களைக் காட்டுவதும் நகர்த்துவதும் ஃபைல் மேனேஜரின் பொறுப்பு. விண்டோஸில் இரண்டையும் எக்ஸ்ப்ளோரர் என்ற ஒரே புரோகிராம் பார்ப்பதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது.

உங்களுக்கு வேண்டியது இரட்டைப் பலகை ஃபைல் மேனேஜர், அதாவது ஒரே விண்டோவில் இரண்டு ஃபோல்டர்களைப் பக்கம் பக்கமாகக் காட்டுவது. 1986இல், விண்டோஸ் பரவுவதற்கு முந்தைய டாஸ் காலத்தில் வந்த நார்ட்டன் கமாண்டர் பிரபலமாக்கிய அமைப்பு இது, இன்றைக்கும் இதைவிட வேகமாக ஃபைல்களைக் கையாள எனக்கு வேறு வழி தெரியவில்லை. டபுள் கமாண்டர் இலவசம், அதைப் போடுங்கள். இடது பக்கம் கேமரா கார்டு, வலது பக்கம் உங்கள் போட்டோ ஃபோல்டர். வேண்டிய படத்தின் மேல் நின்று இன்செர்ட் கீயை அழுத்தினால் அந்தப் பெயர் நிறம் மாறி, கர்சர் தானாக அடுத்த படத்துக்கு இறங்கும். அப்படியே தட்டிக்கொண்டே போய், கடைசியில் எஃப்5 அழுத்தினால் எல்லாம் எதிர்ப் பலகைக்கு நகலாகும், எஃப்6 என்றால் இடம் மாறும், பலகை தாண்ட டேப் கீ. மவுஸைத் தொடவே வேண்டாம். நூறு படங்களுக்கு ஒரே மூச்சில் பெயர் மாற்ற கன்ட்ரோல் எம் இருக்கிறது.

விண்டோஸ் 11இன் எக்ஸ்ப்ளோரரில் 2022இல் பிரவுசரில் இருப்பதுபோல் ஒரே விண்டோவில் பல டேப்களைத் திறக்கும் வசதி வந்தது உண்மைதான், ஆனால் இரண்டு ஃபோல்டர்களையும் ஒரே நேரத்தில் கண்ணெதிரே வைக்க அது உதவாது. டபுள் கமாண்டர் எக்ஸ்ப்ளோரரை நீக்காது, பக்கத்திலேயே இருக்கும். பிடிக்கவில்லையா, எடுத்துவிடுங்கள், அவ்வளவுதான்.

கேள்வி: எனக்கு ஷெல்லையே மாற்றிப் பார்க்க ஆசை. ஆபத்தா?

பதில்: ஆபத்தைவிட பதற்றம்தான் அதிகம். விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில், வின்லாகன் பகுதியில் ஷெல் என்ற வரி இருக்கிறது, லாகின் ஆனதும் எதை ஓட்டுவது என்பதை அதுதான் சொல்கிறது. முதல் தடவை அதில் ஃபைல் இருக்கும் இடத்தைத் தப்பாக அடித்துவிட்டு, கறுப்புத் திரையில் மவுஸ் அம்பு மட்டும் நிற்பதைப் பார்த்து எனக்குப் பகீரென்றது. அப்போது கைகொடுத்தது கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துவது. டாஸ்க் மேனேஜர் வரும், அதில் புதிய டாஸ்க்கை ஓட்டும் இடத்தில் regedit என்று அடித்தால் ரெஜிஸ்ட்ரியைத் திருத்தும் புரோகிராம் திறக்கும். அந்த வரியைப் பழையபடி explorer.exe என்று திருத்திவிட்டு, வெளியேறி மறுபடி லாகின் செய்தால் பழைய டெஸ்க்டாப் திரும்பிவிடும். இதை முதலில் மனப்பாடம் செய்துகொண்டு, புதிதாக ஒரு யூசர் அக்கவுண்ட் திறந்து, அந்த யூசருக்கான ரெஜிஸ்ட்ரிப் பகுதியில் மட்டும் மாற்றிப் பாருங்கள். உங்கள் வழக்கமான அக்கவுண்ட் அப்படியே இருக்கும்.

கேள்வி: லினக்ஸிலும் இவ்வளவு பாடா?

பதில்: இல்லை. அங்கே கேடிஇ, க்னோம், எக்ஸ்எஃப்சிஇ என்று பல டெஸ்க்டாப்கள் உண்டு; மூன்றையும் ஒன்றாகவே வைத்துக்கொண்டு, லாகின் திரையில் வேண்டியதைத் தேர்ந்தெடுத்து உள்ளே போகலாம். கேடிஇயின் ஃபைல் மேனேஜரான டால்ஃபினில் எஃப்3 அழுத்தினால் இரட்டைப் பலகையும் வந்துவிடும்.